இரண்டு புள்ளி மூன்று மில்லிமீட்டர்

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரைதான் அரை ஸ்பூன் கூடிவிட்டது. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை இன்ஸ்பெக்டர் சார். அளவு என்று வந்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

எழுதுகிற ஐயாவை நிதானமாகவே எழுதச் சொல்லுங்கள். எனக்கு எந்த அவசரமும் இல்லை. கடை பூட்டிக் கிடக்கிறது; சாவி உங்கள் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வீட்டில் என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க ஆள் இல்லை. என் மனைவி கையில் மாவுக்கட்டோடு அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

அவள் நேற்று உங்களைப் பார்க்க வந்தாளாமே. "அவர் வேணும்னு செஞ்சிருக்க மாட்டார் சார். அவருக்கு மறதி ஜாஸ்தி. அடுப்பைக்கூட அணைக்காம கடைக்குக் கிளம்பிடுவார். ஏதோ கவனக்குறைவுல நடந்திருக்கும்" என்று அழுதாளாம். நல்ல மனசுதான். தம்பியைப் பறிகொடுத்த துக்கத்திலும் புருஷனைக் காப்பாற்ற நினைக்கிறாள். ஆனால் அடுப்பு விஷயம் ஒரே ஒரு தடவை நடந்தது. அதுவும் பாலை வைத்தது அவள்.

'கவனக்குறைவு' என்ற அந்த ஒரு வார்த்தையைத் தவிர நீங்கள் என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்காகத்தான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் மைத்துனன் காரின் சக்கரம் கழன்று செத்தது விபத்து இல்லை. நான் செய்தது. எப்படி, ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் சக்கரம் வாங்க வருகிறவர்கள் கடைக்குள் கால் வைத்ததும் கேட்பது, "இதைப் போட்டா வண்டி எப்படி இருக்கும்?" என்பதுதான். வண்டியில் இது சேருமா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு சக்கரத்துக்கு ஐந்து அளவு உண்டு. விட்டமும் அகலமும் எல்லோருக்கும் தெரியும். பெருமையடித்துக்கொள்வதற்கென்றே இருக்கிற அளவுகள் அவை. மூன்றாவது ஆஃப்செட். சக்கரம் வண்டியோடு ஒட்டுகிற முகம் தன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. அது தப்பினால் சக்கரம் உள்ளே போய் உரசும், இல்லையென்றால் வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். என் மாமியார் வீட்டுக் குடும்பப் போட்டோக்களைப் பார்த்தால் ஆஃப்செட் உங்களுக்குச் சட்டென்று புரியும். எல்லாவற்றிலும் நான் பாதி ஆள்தான். மீதிப் பாதி ஃபிரேமுக்கு வெளியே நிற்கும்.

நாலாவது நடுத்துளை. ஐந்தாவதுதான் பிசிடி. நட்டுத் துளைகள் எல்லாவற்றின் நடுவையும் தொட்டு ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் விட்டம். ஐந்து துளை வண்டிகளில் அதிகம் புழங்குவது இரண்டு வட்டங்கள். ஒன்று 112. இன்னொன்று 114.3. நடுவில் 2.3 மில்லிமீட்டர். கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றில் வைத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும், நட்டும் ஏறிவிடும். ஆனால் நட்டு தன் குழியில் முழுசாகப் படியாது. ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டு, இறுகிவிட்ட மாதிரி நடிக்கும். வண்டி ஓட ஓட அது தளரும், அல்லது போல்ட் களைத்துப்போய் ஒடியும். அப்புறம் சக்கரம் வண்டிக்கு முன்னால் தனியாகப் போகும்.

ஐந்து துளையில் எதிரெதிர்த் துளை கிடையாது. அதனால் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் நடுவுக்கு நடு அளந்து, 1.701-ஆல் பெருக்க வேண்டும். அங்கே ஒன்றரை மில்லிமீட்டர் பிசகினாலும் இங்கே வட்டமே மாறிவிடும். இதற்குத்தான் என்னைத் தேடி வருவார்கள். சக்கரத்தின் முதுகில் அளவை அச்சடித்திருப்பார்கள். மற்ற கடைக்காரர்கள் அதைப் படித்துவிட்டு மாட்டிவிடுவார்கள். நான் அச்சை நம்புவதில்லை. அளந்து பார்த்துத்தான் மாட்டுவேன்.

உங்கள் மேஜைமேல் பிளாஸ்டிக் உறையில் கிடக்கிறதே, அதுதான் என் காலிப்பர், இரண்டு தாடைக்கு நடுவே கவ்வி அளக்கிற கருவி. அதற்கு வெல்வெட் வைத்த பெட்டி ஒன்று கடையில் இருக்கிறது. முடிந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள், இப்படி வெறும் உறையில் போடக்கூடாது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் தாடையை மூடி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அளப்பார்கள். ஆரம்பத்தில் நானும் செய்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். இத்தனை வருஷம் கூடவே இருக்கிற கருவியைத் தினமும் சந்தேகப்படுவது என்னையே சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது.

இந்த வருஷம் தொடங்கியதிலிருந்து தயாரிப்பாளர்களுக்கு அக்கறையே இல்லாமல் போய்விட்டது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். 114.3 என்று அச்சடித்து வருகிற சக்கரம் என் காலிப்பரில் 112 காட்டும். ஒன்றிரண்டு இல்லை, வருகிறதெல்லாம் அப்படித்தான். எத்தனையோ செட்டைத் திருப்பி அனுப்பினேன். மொத்த வியாபாரி போனில், "அண்ணே, உலகமே தப்பு, நீங்க ஒருத்தர்தான் சரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவர் போனை எடுப்பதில்லை.

உங்களுக்கே நினைவிருக்கும். போன மாதம் உங்கள் வண்டிக்குச் சக்கரம் மாற்ற வந்தீர்கள். உங்கள் வீட்டம்மாவும் கூட வந்திருந்தார். வெள்ளி நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். உங்கள் வண்டி 112. கடையில் இருந்த வெள்ளி செட்டின் முதுகில் 114.3 என்று இருந்தது. அளந்தேன். கச்சிதமாக 112. "அச்சுதான் சார் தப்பு, அளவு சரியா இருக்கு" என்று சொன்னேன். "இதுக்குத்தான் உங்ககிட்ட வர்றது" என்று நீங்களே முதுகில் தட்டினீர்கள். நட்டு கொஞ்சம் முரண்டு பிடித்தது. நல்ல சக்கரம் என்றால் அப்படித்தான், கொஞ்சம் முரண்டு பிடித்து உட்கார வேண்டும்.

சரி, மைத்துனனுக்கு வருகிறேன்.

குடும்பத்தில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். ஆறடி உயரம், தாடி, முப்பது வயது, இருந்தாலும் சின்னவன்தான். கார்களைப் பற்றிப் பேசி வீடியோ போடுவது அவன் தொழில். காரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் பக்கத்திலிருந்து படம் பிடித்தால் அழகாக இருக்கும் என்பதுதான். ஆனால் லட்சக்கணக்கான பேர் அவனைப் பார்த்தார்கள். ஒருநாள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது, பெரிய சக்கரம் போட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்றான். ஆகாது என்றேன். என் மாமியார் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தி, "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை. அவனை லட்சம் பேர் பாக்குறாங்க. உங்களை யார் பாக்குறா?" என்றார்.

கோபமெல்லாம் வரவில்லை. கேள்வியில் நியாயம் இருந்தது.

வருஷ ஆரம்பத்தில் அவன் கேமராவோடு கடைக்கு வந்தான். "மாமா, உங்களை ஃபேமஸ் ஆக்கப் போறேன். எப்பவும் போல இருங்க, அதுவே போதும்" என்றான். நானும் நம்பி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, பிசிடி பற்றி விளக்கினேன். அரை மணி நேரம் விளக்கினேன். அவன் அதில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டான். "ரெண்டு மில்லிமீட்டர் தப்பினா உயிர் போயிடும்." அதையே திரும்பத் திரும்ப ஒட்டி, பின்னால் மத்தளம் அடித்து, என் தலை ஆடுகிற மாதிரி செய்து, 'மில்லிமீட்டர் மாமா' என்று தலைப்பு வைத்தான்.

அதே வீடியோவில் என் காலிப்பரை எடுத்து முதுகு சொறிந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்து அதன் வாயில் கவ்வ வைத்து, "இது என்ன மாமா பட்டன்?" என்று எதையோ அமுக்கினான். திரையில் பூஜ்யம் வந்தது. "பார்த்தீங்களா மக்களே, காசைக் கொடுத்தா ஜீரோன்னு காட்டுது. மாமாவோட மிஷினுக்கே காசு பணத்துல ஆசை இல்ல" என்று கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் போனதும் காலிப்பரை நன்றாகத் துடைத்து, அணைத்து, வெல்வெட் பெட்டியில் வைத்தேன்.

அதற்கப்புறம் என் பிழைப்பு எப்படிப் போயிற்று என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சக்கரம் வாங்காதவர்கள் எல்லாம் கடைக்கு வந்தார்கள். "மாமா, ஒரு தடவை அதைச் சொல்லுங்களேன்" என்று போனை நீட்டுவார்கள். நான் ஸ்கூட்டரில் போனால் பேருந்திலிருந்து தலையை நீட்டி "ரெண்டு மில்லிமீட்டர்" என்று கத்துவார்கள். காய்கறிக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு, "சரியா இருக்கா பாருங்க மாமா, உயிர் போயிடப் போகுது" என்பார்.

மனைவியிடம் சொன்னேன். "விளையாட்டுக்குத்தானேங்க பண்ணினான். நாலு பேர் உங்களை அடையாளம் கண்டுக்கறாங்கல்ல, அதைப் பாருங்க" என்றாள். சொல்லும்போது அவள் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கும்போது அவளுக்கு அப்படித்தான் துடிக்கும்.

நான் சிரிப்புக்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் இல்லை சார். அளவைப் பற்றிச் சிரிக்கிறார்களே என்றுதான் வருத்தம். மில்லிமீட்டரைப் பற்றி நாட்டில் ஒரு அலட்சியம் பரவிக்கொண்டிருந்தது. அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நான் பொதுநலம் கருதித்தான் யோசித்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் போன வாரம் அவன் புதுச் சக்கரங்களோடு வந்து இறங்கினான். தங்க நிறம். அவன் வீடியோவில் காட்டுவதற்காக எந்தக் கம்பெனியோ சும்மா கொடுத்திருந்தது. "மாமா, நீங்கதான் மாட்டணும். மில்லிமீட்டர் மாமா பார்ட் டூ. மக்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"அளவு பாத்தியா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே வீட்ல ஒரு அளவுகோலை மாப்பிள்ளையா எடுத்து வச்சிருக்கோம்."

கூட வந்திருந்த என் மனைவி சிரித்தாள். இந்தத் தடவை உதட்டைக்கூட அடக்கவில்லை.

அவன் வண்டி 114.3. சக்கரத்தின் முதுகில் 114.3 என்றுதான் இருந்தது. அளந்தேன். 112.

இன்னொரு தடவை அளந்தேன். 112. நாலு சக்கரத்தையும் அளந்தேன். நாலும் 112.

நான் சும்மா நின்றதைப் பார்த்து அவன் கேமராவை மூஞ்சிக்கு நேராகக் கொண்டுவந்தான். "என்ன மாமா, சேராதா? ரெண்டு மில்லிமீட்டர் குறையுதா? உயிர் போயிடுமா?"

சேராது என்று சொல்ல வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன், வீடியோவில் பாருங்கள், தெரியும். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதையும் வெட்டி, மத்தளம் அடித்து, என் தலையை ஆட்டிவிடுவான். இரண்டு மில்லிமீட்டரால் என்ன ஆகும் என்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு வாயால் பதில் சொல்லிப் புண்ணியமில்லை. அந்த இரண்டு மில்லிமீட்டரே பதில் சொல்லட்டும் என்று விட்டேன்.

"கச்சிதமா இருக்கு" என்றேன்.

இந்த இடத்தை எழுதுகிற ஐயா தெளிவாக எழுத வேண்டும். தெரிந்தே சொன்னேன். உயிர் போகும் என்று தெரிந்தே சொன்னேன்.

நட்டுகளை நான் முறைப்படிதான் இறுக்கினேன். அதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அவன் சாவுக்கு அளவு மட்டும்தான் காரணமாக இருக்க வேண்டும். வேறு எதையும் கலந்தால் நிரூபணம் கெட்டுவிடும். நட்சத்திர வரிசையில், ஒன்றுவிட்டு ஒன்றாக, கையால் ஏற்றி, பிறகு இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்சால் அது 'டக்' என்று சொல்கிற வரைக்கும். சொல்லப்போனால் தப்பான சக்கரம் என்ன சுலபமாக உட்கார்ந்தது தெரியுமா. ஒரு நட்டுகூட முரண்டு பிடிக்கவில்லை. வெண்ணெய் மாதிரி ஏறின. தப்புக்கே உரிய வழவழப்பு அது. ஏமாந்தவர்கள் எல்லாம் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நடுவில் அவன், "மாமா, அந்த ரெஞ்சை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு ஒரு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. கவனமா வேலை செய்யறது எப்படின்னு" என்று கேட்டான். எழுந்து நின்று சொன்னேன். அவசரப்படக்கூடாது, செய்கிற வேலையில் மட்டும்தான் கண் இருக்க வேண்டும், ஒரு நட்டு என்பது ஒரு உயிர் என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். அவன்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டான். முடித்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனேன்.

கிளம்பும்போது அவன் கதவைத் திறந்துவிட்டு, "அக்கா, புது வீல்ல முதல் ரவுண்டு உனக்குத்தான். நெடுஞ்சாலைல ஒரு சுத்து சுத்திட்டு வரலாம், ஏறு" என்றான்.

அவள் ஏறினாள்.

அவளை இறங்கச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் கண் கேட்கிறது. ஒரு காரணமும் இல்லாமல் இறங்கு என்றால் சந்தேகம் வராதா? அதற்காக நான் மிருகம் இல்லை. ஜன்னல் ஓரமாகக் குனிந்து, "பெல்ட் போட்டுக்கோ" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து நான் அவளிடம் அப்படி அக்கறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். முகம் மலர்ந்துபோய்ப் போட்டுக்கொண்டாள். அந்த பெல்ட்தான் அவளைக் காப்பாற்றியது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். கையோடு போயிற்று. இதை எனக்குச் சாதகமான விஷயமாக எழுதினால் தேவலை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். நெடுஞ்சாலை வளைவில் முன்பக்க இடது சக்கரம் கழன்றது. வண்டி பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. அவன் பெல்ட் போட்டிருக்கவில்லை. போட்டால் சட்டை கசங்கி வீடியோவில் நன்றாக இருக்காது என்பான். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

வண்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த அவன் கேமராவை நீங்கள் எனக்குப் போட்டுக்காட்டினீர்கள். அதில் அவன், "சும்மா சொல்லக்கூடாதுக்கா. மாமா கை வச்சா கை வச்சதுதான். ஸ்டியரிங்ல ஒரு நடுக்கம் இருக்கா பாரு. பாவம், அவரை ரொம்ப ஓட்டிட்டோம். அடுத்த வீடியோல அவர்கிட்ட நேரடியா சாரி கேட்டுடறேன்" என்கிறான். கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் ஏதோ தட்டுகிற சத்தம். பாட்டின் சத்தத்தைக் கூட்டுகிறான்.

அதைக் கேட்டு நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. எனக்கு அவன் அறியாமைதான் உறைத்தது. 2.3 மில்லிமீட்டர் தப்பான சக்கரத்தில் உட்கார்ந்துகொண்டு நடுக்கம் இல்லை என்கிறான். கடைசி நிமிஷம் வரைக்கும் அவனுக்கு அளவைப் பற்றி ஒரு சுக்கும் தெரியவில்லை.

இப்போது உங்கள் நிபுணரின் அறிக்கைக்கு வருகிறேன். அவர் படித்தவர், மரியாதைக்குரியவர். ஆனால் அவர் எழுதியிருப்பது தப்பு. நாலு சக்கரமும் 114.3 என்கிறார். வண்டிக்கு மிகப் பொருத்தமான சக்கரங்களாம். மூன்று சக்கரம் அப்பழுக்கில்லாமல் மாட்டியிருக்கிறதாம். இடது முன்சக்கரத்தில் மட்டும் நட்டுகள் கையால் ஏற்றியதோடு நின்றிருக்கிறதாம், ரெஞ்ச் படவே இல்லையாம். கடையில் அவன் எடுத்த வீடியோவின் சத்தத்தை வைத்துப் பார்த்தாராம். மற்ற மூன்றுக்கும் 'டக் டக்' என்று ஒழுங்காகக் கேட்கிறதாம். நான் எழுந்து நின்று கவனத்தைப் பற்றிப் பேசிவிட்டு, பாதியில் விட்ட சக்கரத்துக்குத் திரும்பாமல் அடுத்ததற்குப் போய்விட்டேனாம். 'பொருத்துநரின் கவனக்குறைவு' என்று முடித்திருக்கிறார்.

நீங்களும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். "வேணும்னு செய்யலைன்னா இதுக்குப் பெரிய தண்டனை எல்லாம் வராது. உங்க வீட்டம்மாவும் அதையேதான் சொல்றாங்க. பேசாம ஒத்துக்கிட்டுப் போங்க" என்றீர்கள். சின்ன தண்டனையோடு வெளியே வந்து நான் என்ன செய்வது? நட்டு இறுக்க மறந்தவன் என்று தெருவில் நடப்பதா? காய்கறிக்காரர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். கொலைகாரனைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒதுங்கி வழி விடுவார்கள்.

அதனால் கொலை என்று எழுதுங்கள். அளவு தப்பான சக்கரம் என்று தெரிந்தே, திட்டமிட்டு, பொறுமையாக, ஒவ்வொரு நட்டையும் முறையாக இறுக்கிக் கொன்றான் என்று எழுதுங்கள். அந்த 'முறையாக' முக்கியம். அதை விட்டுவிடாதீர்கள்.

ஏன் சார் அந்த உறையைப் பிரிக்கிறீர்கள்? பிடிக்கும்போது கொஞ்சம் பார்த்து. தாடையை அப்படி அழுத்தி மூடக்கூடாது.

என்ன காட்டுகிறது? மைனஸ் 1.4-ஆ? திருப்பிப் பிடித்திருப்பீர்கள். உங்கள் ஆட்கள் யாராவது கீழே போட்டிருப்பார்கள். அதற்குத்தான் வெல்வெட் பெட்டி என்று முதலிலேயே சொன்னேன்.

எதற்கு அந்தப் பழைய வீடியோவைப் போடுகிறீர்கள்? அதுதான் எல்லோரும் பார்த்தாயிற்றே. ஆமாம், காசு வைக்கிற இடம்தான் அது. ஆமாம், பட்டனை அமுக்குகிறான், பூஜ்யம் வருகிறது. காசின் கனம் பூஜ்யம் ஆகிவிட்டதென்றால், அதிலிருந்து எல்லா அளவும் காசின் கனத்துக்குக் குறைவாகவே காட்டும் என்கிறீர்கள். கணக்கு வாஸ்தவம்தான். 1.4-ஐ 1.701-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.4. 114.3-ஆக இருப்பது எனக்கு 112-ஆகத் தெரிந்திருக்கும் என்கிறீர்கள். அதாவது வருஷ ஆரம்பத்திலிருந்து வந்த சக்கரமெல்லாம் சரி, நான் ஒருத்தன்தான் தப்பு என்கிறீர்கள். மொத்த வியாபாரியும் இதையேதான் சொன்னார்.

சார், ஒரு விளையாட்டுப் பிள்ளை ஒரு காசை வைத்து என் கையையும் கண்ணையும் மாற்றிவிட முடியுமா? கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள்.

இந்த வருஷம் எத்தனை வண்டிக்கு மாட்டினேன் என்றா கேட்கிறீர்கள்? கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. நிறைய. வீடியோவுக்கு அப்புறம் கூட்டம் கூடித்தான் போயிற்று. பள்ளிக்கூட வேன் இரண்டு இருக்கிறது. ஒரு டாக்டர். என் மாமனாரின் வண்டி. எல்லாம் 112 வண்டிகள், எல்லாச் சக்கரமும் என் கையால் அளந்தவை. அச்சை நம்பாமல் தேடித்தேடி எடுத்துப் போட்டேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? வாக்குமூலம் இன்னும் முடியவில்லை. எழுதுகிற ஐயாவும் பேனாவை வைத்துவிட்டார். யாருக்கு இத்தனை பதற்றமாகப் போன்? வீட்டுக்கா? ஓ, இது உங்கள் வீட்டம்மா அந்த வண்டியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற நேரம்.

வண்டியை ஓரங்கட்டு, இறங்கு, எட்டிப் போய் நில்லு என்றெல்லாம் சொல்லி அவரைப் பயமுறுத்தாதீர்கள் சார். நிம்மதியாக ஓட்டி வரச் சொல்லுங்கள். அந்தச் சக்கரங்களை நானேதான் அளந்தேன்.